இது ஒலி என்று ஒரு வரி

நவம்பர் 4, திங்கள்

இந்த டைரியில் பொய் எழுத மாட்டேன். எனக்குப் பெருமையானதை மட்டும் எழுதிவிட்டு மற்றதை விட்டுவிடவும் மாட்டேன். நல்லதோ கெட்டதோ, யார் என்ன சொன்னார்களோ அதை அப்படியே எழுதுவேன். அப்பா வேலை பார்க்கும் உரக்கடையில் மீந்துபோன டைரி இது. ஜனவரி முதல் அக்டோபர் வரை வெறும் தாளாகக் கிடக்கிறது. அதைப் பற்றிக் கவலையில்லை.

இன்று பிரேயரில் தமிழம்மா ஒரு கேள்வி கேட்டார்கள். பதினொன்றாம் வகுப்பு வரலாற்றுப் பிரிவில் பூர்ணகலா என்று ஒரு பெண் இந்த வருடம் சேர்ந்திருக்கிறாள். அவளுக்குக் கண் தெரியாது. பிரெயில் புத்தகம் கேட்டு எழுதியிருக்கிறார்களாம், இன்னும் வரவில்லை. வரலாற்றுப் பாடங்களை வாசித்துப் பதிவு செய்து தர யாருக்கு விருப்பம் என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டு முடிக்கும் முன்பே நான் கையைத் தூக்கிவிட்டேன். நான் கம்ப்யூட்டர் பிரிவு. ஆனாலும் மாவட்டப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய குரல் இந்தப் பள்ளியில் வேறு யாருக்கு இருக்கிறது?

இடைவேளையில் அவளைப் போய்ப் பார்த்து, "நான்தான் ஆவுடைச்செல்வி. உனக்கு நான் உதவப் போறேன்" என்றேன்.

"பேச்சுப் போட்டிக்காரியா? மைக் இல்லாமலே மூணாவது வரிசை வரைக்கும் கேக்குதேட்டி உன் சத்தம். கொஞ்சம் மெதுவா பேசு. எனக்குக் கண்ணுதான் தெரியாது."

"வேணும்னா தினமும் மத்தியானம் நேர்லயே வாசிக்கிறேன்."

"வேண்டாம். நேர்ல வாசிச்சா உன்னை நிறுத்த முடியாது. ரெக்கார்டுன்னா நிறுத்தலாம்."

எனக்குக் கோபம் இல்லை.

நவம்பர் 9, சனி

நாள் முழுக்க அம்மாவின் போனில் பதிவு செய்தேன். அரசர்கள் பேசுவதாக வரும் இடங்களில் குரலை மாற்றினேன். பாடநூலில் சரியாக விளக்காத இடங்களில் நான் நூலகத்தில் படித்ததைச் சேர்த்துச் சொன்னேன். இரண்டாம் பாடத்தில் குக்கர் விசில் விழுந்துவிட்டது. "இன்னும் எவ்வளவு நேரம்டி, போன்ல சார்ஜே இல்ல" என்று அம்மா சொன்னதும் விழுந்திருக்கிறது. திரும்பக் கேட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 12, செவ்வாய்

பள்ளிக்குள் மாணவிகள் போன் கொண்டுவரக்கூடாது. லேபில் பென் டிரைவ் கூடாது. பூர்ணகலாவின் அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அதனால் பாடங்கள் எல்லாமே கம்ப்யூட்டர் வாத்தியார் நெல்லையப்பன் சாரின் சர்வர் வழியாகத்தான் போக வேண்டும். சர்வர் என்பது லேபின் மூலையில் கண்ணாடி அறைக்குள் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர். பள்ளிப் பாடங்களை அதில் வைத்தால் லேபில் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் திறக்கலாம். அதை சார் தனி ஆளாக அமைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போவார்.

தமிழம்மா அனுமதிக் கடிதம் தந்ததால் இன்று ஒருநாள் மட்டும் அம்மாவின் போனைக் கொண்டுபோனேன். சார் அதை இரண்டு விரலால் வாங்கினார்.

"என் சர்வர்ல எதுவும் இறங்காது. தெரியும்ல?"

தெரியும். முந்தைய பேட்ச் அக்காமார்கள் படமும் பாட்டுமாக இறக்கி எல்லாக் கம்ப்யூட்டரையும் நிரப்பிவிட்டார்களாம். அதற்குப் பிறகு சார் ஏதோ செய்து டவுன்லோடு என்பதே இல்லாமல் ஆக்கிவிட்டார். சுவரில் சிவப்பு எழுத்தில் எழுதிக்கூட ஒட்டியிருக்கிறார். பாடங்களை ஏற்றிவிட்டு போனைத் திருப்பித் தந்தபோது சானிடைசர் போட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

நவம்பர் 13, புதன்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பூர்ணகலாவுக்காக ஒரு கம்ப்யூட்டரில், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் போட்டிருக்கிறார்கள். நாங்கள் அதை ரோபோ அக்கா என்போம். எங்கள் வகுப்பு லேபில் இருந்த நேரத்தில் தமிழம்மா அவளைக் கூட்டிவந்தார்கள். முதல் பாடத்தைத் திறந்தாள். என் குரல் வரும் என்று எல்லோரும் காத்திருந்தோம்.

குரல் வரவில்லை. திரை நிறையக் கிறுக்கல் எழுத்துகள் கொட்டின. பாதி எழுத்து, கட்டம், கேள்விக்குறி, தலைகீழ்க் கேள்விக்குறி. ரோபோ அக்கா அதையெல்லாம் பொறுப்பாக வாசிக்க ஆரம்பித்தாள். "எஃப், டி, ஒய், பி, எம், ஃபோர், ஏ, டாலர், கேள்விக்குறி, டாலர்..." ஸ்பீக்கரில் லேப் முழுவதும் கேட்டது. என் வகுப்பு மதிவதனாதான் முதலில் சிரித்தாள்.

"பேச்சுப் போட்டியில முதல் பரிசு வாங்கின பேச்சு இதுதானாட்டி ஆவுடை?"

பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பூர்ணகலாவும் சிரித்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

சார் வந்து திரையைப் பார்த்தார். மற்ற பாடங்களையும் திறக்கச் சொன்னார். எல்லாவற்றிலும் அதே கொட்டல்தான்.

"வைரஸ். போன்ல இருந்து வந்திருக்கு. நான் நினைச்சேன்."

"சார், வீட்டுல நல்லா ஓடுச்சு சார்."

"உங்க வீட்டுல எல்லாம் ஓடும்" என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

நான் அழவில்லை. கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன், அவ்வளவுதான்.

நவம்பர் 14, வியாழன்

குழந்தைகள் தினம். எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தார்கள். என் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

ஹெச்.எம். மேடம் கூப்பிட்டார்கள். பூர்ணகலாவும் அங்கே நின்றாள். சார் வைரஸ் என்று எழுத்தில் கொடுத்துவிட்டாராம். மேடம் என்னைத் திட்டவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை. அவளிடம்தான் பேசினார்கள்.

"நான் சேர்க்கும்போதே உங்கம்மாகிட்ட சொன்னேன். இங்க உனக்கு வசதி பத்தாது. பழைய ஸ்கூல்ல ஹாஸ்டல் இருக்கு, புக் இருக்கு, எல்லாம் இருக்கு. அரையாண்டில ஒரு பாடம் போனாலும் டி.சி. வாங்கிட்டு அங்கேயே போயிரு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பூர்ணகலா "சரி மேடம்" என்றாள். அவ்வளவு அடக்கமாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தோம். முதல் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை வெளியூர் விடுதியில் இருந்திருக்கிறாள். அவள் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் கட்டு ஒட்டுகிறார்கள். வருடத்துக்கு இரண்டு முறைதான் போய்ப் பார்ப்பார்களாம்.

"இந்த ஊருக்கு வந்த பிறகுதான் எங்கம்மா தூங்கும்போது குறட்டை விடுவான்னே எனக்குத் தெரியும்" என்றாள். நான் ஆறுதலாக ஏதோ சொல்ல ஆரம்பித்தேன்.

"ச்சீ, நிறுத்து. வேற ஒண்ணு கேக்கேன். வைரஸ்னா ஒவ்வொரு ஃபைலும் ஒவ்வொரு மாதிரிதானே கெடணும்?"

"தெரியல."

"ரோபோ அக்கா எல்லாத்தையும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கா. எஃப் டி ஒய் பி எம் ஃபோர் ஏ. நாலு பாடத்துக்கும் அதான். நீங்க சிரிச்சிக்கிட்டு இருந்தீங்க, நான் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

வீட்டுக்கு வந்து அம்மாவின் போனைப் பார்த்தேன். ஒவ்வொரு பதிவின் பெயரும் எம்4ஏ என்றுதான் முடிகிறது. அது ஒலிப்பதிவின் வகை. அப்படியென்றால் ஃபைல் கெடவில்லை. தான் யார் என்று முதல் வரியிலேயே சொல்கிறது.

இதை நானே கண்டுபிடித்திருக்க வேண்டும்.

நவம்பர் 16, சனி

கிளை நூலகம். கம்ப்யூட்டர் அலமாரியில் அட்டை கிழிந்த ஒரு தடித்த புத்தகம் இருந்தது. எடுத்துப் போக அனுமதி இல்லை, அதனால் அங்கேயே உட்கார்ந்து படித்தேன்.

சர்வர் எந்த ஃபைலையும் சும்மா அனுப்புவதில்லை. அனுப்பும் முன் அது என்ன வகை என்று ஒரு வரி சொல்கிறது. இது பக்கம், இது படம், இது ஒலி என்று. உலாவி, அதாவது பிரவுசர், அந்த வரியை நம்பித்தான் ஃபைலைத் திறக்கும். எந்த முடிவுள்ள பெயருக்கு எந்த வகை என்று சர்வரில் ஒரு பட்டியல் இருக்கும். பட்டியலில் இல்லாத ஃபைலுக்கு என்ன சொல்வது என்பதை அமைத்தவர் தீர்மானிப்பார். வழக்கமாக, "என்னவென்று தெரியாது, இறக்கிக்கொள்" என்று அனுப்புவார்களாம்.

சார் இறக்குவதைத் தடுக்க விரும்பினார். அதனால் தெரியாதது எல்லாவற்றையும் "இது வெறும் எழுத்து" என்று சொல்ல வைத்திருக்கிறார். எழுத்து என்று சொன்னால் உலாவி இறக்காது, திரையில் கொட்டிவிடும். "நான் சொல்வதை நம்பு, நீயாக யோசிக்காதே" என்று உலாவிக்குக் கட்டளையிடவும் ஒரு வரி இருக்கிறதாம். சார் அதையும் போட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. வகுப்பிலும் அவர் அப்படித்தான்.

எம்4ஏ என்று முடிந்தால் அது ஒலி. இந்த ஒரு வரியைச் சேர்த்தால் போதும்.

நூலகர் மின்விசிறியை நிறுத்தி எழுப்பும் வரை அங்கேயே இருந்தேன். இவ்வளவு சந்தோஷமாக இருந்து நாளாயிற்று.

நவம்பர் 18, திங்கள்

சார் பார்க்காதபோது கீபோர்டில் எஃப் பன்னிரண்டை அழுத்திப் பார்த்தேன். சர்வர் என்ன சொல்லி அனுப்புகிறது என்று அதில் தெரியும். என் பாடத்துக்கு நேராக "டெக்ஸ்ட், பிளெயின்" என்று இருந்தது. வெறும் எழுத்து. அதற்குக் கீழேயே, யோசிக்காதே என்ற வரி.

நாளை சொல்லப் போகிறேன். எல்லோர் முன்னாலும்தான் சொல்ல வேண்டும். எல்லோர் முன்னாலும்தானே சிரித்தார்கள்.

நவம்பர் 19, செவ்வாய்

சொன்னேன். எழுந்து நின்று, வரிசையாக, ஆதாரத்துடன், பேச்சுப் போட்டியில் சொல்வதுபோலச் சொன்னேன். "ஆகவே இது வைரஸ் அல்ல, சார் அமைத்ததில் உள்ள தவறு" என்று முடித்தேன்.

சார் உட்கார்ந்தபடியே இருந்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சார்."

"வைரஸ்னு நான் மேடத்துக்கு எழுத்துல குடுத்திருக்கேன். இப்ப இல்லைன்னா நான் என்ன, முட்டாளா?"

நூலகத்தில் எழுதிக்கொண்டு வந்த தாளை நீட்டினேன். நீட்டியதும் தப்பாகிவிட்டது.

"பேசத் தெரிஞ்சா எல்லாம் தெரிஞ்சுருமா? என் சர்வரை நோண்டிப் பாத்திருக்க. யாரு உனக்கு பெர்மிஷன் குடுத்தது? வெளிய போ. ரெக்கார்டு நோட்டுல கையெழுத்து கிடையாது. நான் சொல்றவரைக்கும் லேபுக்குள்ள கால் வைக்கக்கூடாது."

நான் வெளியே போகும்போது மதிவதனா காலை நீட்டினாள். நான் விழவில்லை, தடுமாறினேன்.

நவம்பர் 20, புதன்

பிராக்டிகல் வகுப்பு முழுவதும் வராந்தாவில் நின்றேன். மழைச் சாரல் அடித்தது. ஜன்னல் வழியாக யாரோ பேப்பர் உருண்டை எறிந்தார்கள். பிரித்துப் பார்த்தேன். "சர்வர் சுந்தரி" என்று எழுதியிருந்தது.

நவம்பர் 22, வெள்ளி

பூர்ணகலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அநியாயத்தைக் கண்டு அவளும் கொதிப்பாள் என்று நினைத்தேன்.

"கிறுக்கி" என்றாள்.

"நான் சொன்னது எல்லாமே சரி!"

"சரின்னு எனக்கும் தெரியும். நீ சரின்னு காட்டப் போனியா, பாடம் ஓடணும்னு போனியா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"ரெண்டுக்கும்தான்."

"ரெண்டும் நடக்கலைல? முப்பது பேருக்கு முன்னால ஒரு ஆம்பளை வாத்தியாரைத் தப்புன்னு சொல்லிட்டு, இப்பத் திருத்துங்கன்னா எப்படித் திருத்துவாரு? கதவை நீயே சாத்திட்டியே. பரீட்சை உனக்கா எனக்கா?"

அவள் தட்டி நடக்கும் கோலை அவள் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. நகர்த்தவில்லை. தோன்றியதை எழுதுகிறேன், ஏனென்றால் உண்மையை எழுதுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 25, திங்கள்

சார் கூப்பிட்டு அனுப்பினார். கண்ணாடி அறை வாசலில் நிற்கவைத்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு சாதாரணக் குரலில் பேசினார்.

"அந்தப் பூர்ணகலா புள்ள வந்து பேசிச்சு. நல்ல மரியாதையா பேசிச்சு. நான் போட்ட டவுன்லோடு தடை ரொம்ப நல்லதாம். பாட்டு இறங்கவும் கூடாது, ஆனா அங்கேயே ஓடணும், அந்த மாதிரி ஒரு ஏற்பாடு என்னாலதான் முடியும்னு சொல்லிச்சு."

"சரி சார்."

"வைரஸை கிளீன் பண்ணி, அந்த ஏற்பாட்டையும் பண்ணிருவேன். மேடத்துக்கு ஒரு பேப்பர் வேணும். நீ மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடு. போன்ல வைரஸ் இருந்தது, தெரியாம கொண்டுவந்துட்டேன்னு. அப்பா கையெழுத்தோட."

"அது உண்மையில்ல சார்."

"நீ எழுதித் தருவேன்னு அந்தப் புள்ளதான் சொல்லிச்சு."

அதற்கு மேல் அவர் என்ன சொன்னார் என்று நினைவில்லை. வெளியே வந்து செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு கேட் வரை நடந்திருக்கிறேன்.

நவம்பர் 26, செவ்வாய்

மதிய உணவு நேரத்தில் வேப்பமரத்தடியில் அவளைப் பிடித்தேன்.

"என்னைக் கேக்காம என்னை எப்படி நீ வித்த?"

"கேட்டா மாட்டேன்னு சொல்லிருப்ப."

"பொய்யை எழுதச் சொல்றாங்க. அதுவும் என் கையால."

"ஆமா. உனக்கு ஒரு கடிதாசி. எனக்கு ஒரு ஊரு." டிபன் பாக்ஸைத் தடவி மூடினாள். "வேண்டாம்னா எழுதாத. நான் ஒண்ணும் உன் கால்ல விழமாட்டேன். சத்தியமா விழமாட்டேன்."

"ஒரு தேங்க்ஸாவது சொல்லுவியா?"

"எழுதுன பிறகு பாப்போம்."

இவளை எனக்குப் பிடிக்கவே இல்லை. சாயங்காலம் வரை அவள் முகம் கண்முன் நின்றதற்குக் காரணம் கோபம்தான்.

நவம்பர் 27, புதன்

எழுதினேன். பெறுநர், அனுப்புநர், பொருள், எல்லாம் முறையாக எழுதினேன். பிழை இல்லை. இதுவரை நான் எழுதியதில் மிக அழகான கையெழுத்து அதுதான். ஏன் அப்படி எழுதினேன் என்று தெரியவில்லை.

அப்பா வாசித்துவிட்டு அம்மாவிடம், "அந்தப் போன்ல என்னத்தையெல்லாம் பாக்குதா இவ?" என்றார். நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் கையெழுத்துப் போட மாட்டார், பள்ளிக்கே வந்து சண்டை போடுவார். வாயை மூடிக்கொண்டேன். கையெழுத்துப் போட்டார். இனிமேல் அம்மாவின் போனைத் தொடக்கூடாது என்றார்.

நவம்பர் 28, வியாழன்

சார் என்னை லேபுக்குள் கூப்பிட்டு நிறுத்தி, கடிதத்தை வகுப்பின் முன்னால் வாசித்தார். நிறுத்தி நிறுத்தி, தேவையான இடங்களில் அழுத்தம் கொடுத்து வாசித்தார். அவருக்கும் நல்ல குரல்தான். "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்டார். மதிவதனா எழுந்து, "வைரஸ் போன்ல மட்டும் இருக்காது சார்" என்றாள். சார் அவளை உட்காரச் சொல்லவில்லை, அவரும் சிரித்தார்.

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அறைக்குள் போனார். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு வரிதான் தட்டினார். சேமித்துவிட்டு மறுபடி தொடங்கினார். நான் நூலகத்திலிருந்து எழுதிக்கொண்டு போய், அன்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னேனே, அதே வரி.

நவம்பர் 29, வெள்ளி

பள்ளி விட்ட பிறகு கொஞ்ச நேரம் லேபில் பாடம் கேட்க பூர்ணகலாவுக்கு அனுமதி கொடுத்தார்கள். கம்ப்யூட்டரைப் போட்டுக்கொடுக்க ஒருவர் வேண்டும் என்று என்னையும் உள்ளே விட்டார்கள். மழைக்காக ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள்.

முதல் பாடத்தைத் திறந்தாள். கொட்டல் இல்லை. ஒரு சின்னக் கரகரப்பு, பிறகு என் குரல்: "அன்புத் தோழி பூர்ணகலாவுக்கு வணக்கம்."

இத்தனை நாளாக இதற்காகத்தான் காத்திருந்தேன். அவள் முகத்தையே பார்த்தேன்.

"எவ்வளவு மெதுவா வாசிச்சிருக்க!" என்றாள். கீபோர்டில் ஏதோ தட்டினாள். என் குரல் அணில் கத்துவதுபோலக் கிரீச்சென்று ஓடத் தொடங்கியது. அரசர்களும் அமைச்சர்களும் ஒரே அணிலாகக் கீச்சிட்டார்கள். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது. உதடு அசைய, கூடவே சொல்லிக்கொண்டு போனாள்.

ஓரிடத்தில் நிறுத்தினாள். "இது புக்ல இருக்கா, நீயா சேர்த்ததா?"

"நானா சேர்த்தது. நூலகத்துல படிச்சேன். ரொம்ப முக்கியமான..."

"பரீட்சைக்கு வராதுல்ல?" அந்தப் பகுதியைத் தாவிப் போனாள். குக்கர் விசிலும் அம்மாவின் குரலும் வந்தபோது மட்டும் நிறுத்தி, அந்த இடத்தை இன்னொரு முறை, வேகம் குறைத்துக் கேட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

தேங்க்ஸ் சொல்லவில்லை. எழுதிய பிறகு பார்ப்போம் என்றவள்தான். நானும் நினைவுபடுத்தவில்லை.

மூன்றாம் பாடம் பாதியில் இருக்கும்போது சார் பையோடு வந்து நின்றார். மணியைப் பார்த்தார்.

"இன்னும் ஒரு பாடம்தான் சார்."

"வாட்ச்மேன் பூட்டுவான்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். சுவிட்ச் பலகைக்குப் போய் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார், நாங்கள் இருந்த வரிசையைக் கடைசியாக. எங்களைத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.

ரோபோ அக்கா வாசிக்க ஆரம்பித்த பிறகு பூர்ணகலா தனக்குத் தேவையில்லாத திரையை அணைத்து வைத்திருந்தாள். அதனால் அந்த வெளிச்சமும் இல்லை. பக்கத்தில் இருந்த அவள் முகம்கூட எனக்குத் தெரியவில்லை. ஹெட்போனிலிருந்து கீச்சுச் சத்தம் மட்டும் வந்தது. கூடவே அவள் முணுமுணுப்பதும் கேட்டது, பாடத்தில் எங்கேயும் தடுக்காமல்.

எழுந்து போய் சுவிட்சைப் போட்டிருக்கலாம். போடவில்லை. அவளிடம் சொல்லவும் இல்லை. லேபில் எல்லா விளக்குகளும் அணைந்திருந்தன.